‘இனிமே கழலாது’ என்று சொல்லாதீர்கள்

இதை எடுப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்திலேயே கரி ரேகை பதிந்துவிட்டால் அடுத்து படிப்பவருக்கு எரிச்சல் வரும். துடைத்த துணியை மறுபடி டப்பாவில் போடுங்கள். காலையில் ஆறு துணி வைத்தால் மாலையில் ஆறு துணி இருக்க வேண்டும். நான் இருந்தவரை இருந்தது. போன வாரம் கடைக்கு வந்தபோது எத்தனை இருந்தது என்று சொல்ல விரும்பவில்லை.

மாம்பழச் சாலைக் கடையின் சர்வீஸ் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். சைக்கிள் செயினைக் கழற்றிக் கழுவ டீசல் நல்லதா, இப்போது வரும் ஸ்பிரே நல்லதா? இதற்கு உங்கள் போனிலேயே ஆயிரம் வீடியோ இருக்கிறது. எதில் கழுவினாலும் அழுக்கு போகும். நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள், விட்ட எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான். எந்த வீடியோவிலும் இல்லாத ஒன்றுக்காகத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். செயினைக் கழுவி மாட்டிய பிறகு, வண்டிக்குச் சொந்தக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்போது அவரிடம் என்ன சொல்வது?

என்னைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் கணிதம் படித்தவன். வேறு வேலைக்குப் போகும் வரை இருக்கலாம் என்று இந்தக் கடைக்கு வந்து, சர்வீஸ் பகுதியைப் பார்த்துக்கொண்டு, இங்கேயே ஓய்வும் பெற்றேன். வாடிக்கையாளர்கள் ‘கணக்கு சார்’ என்பார்கள். ஒரு செயினைக் கழற்றினால் முதலில் அதன் உருளைகளை எண்ணுவேன். கழுவிய பிறகு மறுபடி எண்ணுவேன்.

“கழுவினா குறையுமா சார்?” என்பார் ரஃபி பாய்.

குறையாது. ஆனால் குறையவில்லை என்று தெரிந்துகொள்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ரஃபி பாய், எனக்கு அடுத்த ஸ்டூலில் பல வருடம் உட்கார்ந்து வேலை பார்த்த மெக்கானிக். பாலக்கரைக்காரர். நான் கவலைப்படுவதற்கும் சேர்த்து அவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

சொல்லப்போகும் சம்பவத்துக்குச் செயின் லாக்கைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். உங்களில் ஒருவர் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது என்பதால் விளக்கிவிடுகிறேன். செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்புதான் லாக். அதன் மேல் ஒரு சின்ன கிளிப் உட்காரும். பார்ப்பதற்கு மீன் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மூடிய தலை, மறு பக்கம் பிளந்த வால். செயின் ஓடும் திசையில் தலை போக வேண்டும். வால் முன்னால் போனால், ஏதாவது தட்டிய உடனே வால் விரிந்து கிளிப் தெறித்துவிடும். பிறகு செயின் தெருவில் கிடக்கும்.

இன்னொன்று. அந்தக் கிளிப்பை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்யாதீர்கள். எனக்கு முன் அந்த ஸ்டூலில் இருந்த பெரியவர் அப்படித்தான் செய்வார். ஒரு நாள் தும்மினார். கடையே மண்டியிட்டுத் தேடியது. கடைசியில், காத்துக்கொண்டு நின்ற அம்மாளின் மல்லிகைப் பூப் பொட்டலத்துக்குள் அது கிடைத்தது. அந்த அம்மாள் பூவைப் பெருமாளுக்கு என்று வாங்கி வைத்திருந்தார். அவர் திட்டிய பேச்சை நான் இங்கே எழுதவில்லை. ஒரு மூடியில் காந்தத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன், இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். அதில் போடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம் ஜெசிந்தா என்ற பெண் கடைக்கு வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிந்தாமணியில் வீடு. இரண்டு கால்களும் நடக்க உதவாது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வந்தார். முன்னால் ஸ்கூட்டரில் அவருடைய அண்ணன் சகாயம், எதிரே வரும் ஆட்டோக்களையெல்லாம் முறைத்து வழி உண்டாக்கிக்கொண்டே வந்தார்.

அந்த வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் பெடல் கால் பக்கம் இருக்காது. நெஞ்சுக்கு நேரே, ஹேண்டிலை ஒட்டி இருக்கும். அதைக் கையால் சுற்றினால், செயின் நேர்கீழே இறங்கி முன் சக்கரத்தை ஓட்டும். சைக்கிளில் படுத்திருக்கிற செயின் இதில் நின்றுகொண்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“செயினைக் கழட்டி நல்லா கழுவிக் குடுங்க சார். ஒரே மண்ணு” என்றார் ஜெசிந்தா. “திங்கட்கிழமை வேலைல சேர்றேன். ஸ்ரீரங்கத்துல, ரத்தப் பரிசோதனை பண்ற இடத்துல. முன் மேசை வேலை.”

“ரொம்ப சந்தோஷம்மா” என்றேன். செயினின் நிலையைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை. உருளைகளுக்கு இடையில் மண்ணும் கிரீஸும் சேர்ந்து களிம்பாகி இருந்தன.

சகாயம் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

“சார், போன மாசம் பாலத்து மேல செயின் கழண்டு நின்னுட்டா. நாலு பேர் தள்ளிக்கிட்டு வந்து இந்தப் பக்கம் விட்டாங்க. நல்லவங்கதான். அதுல ஒருத்தர் போகும்போது இவ மடியில பத்து ரூபா நோட்டை வெச்சுட்டுப் போயிட்டார்.” வண்டியில் இருந்த தங்கையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “பி.காம். படிச்சவ சார். வீட்டுக்கு வந்து அந்த நோட்டை என்கிட்ட காட்டுறா. சிரிச்சுக்கிட்டே காட்டுறா. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.”

நான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“அதனால சொல்லிட்டேன். இன்னொரு தடவை பாலத்துல நின்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வர்ற வாரம் எனக்கு மதிய ஷிஃப்ட், நானே காலைல கொண்டாந்து விட்டுடுவேன். அதுக்கு அடுத்த வாரம் காலை ஷிஃப்ட். விடியறதுக்கு முன்னாடி துவாக்குடி கம்பெனிக்குக் கிளம்பிடுவேன். அப்ப இவ தனியாத்தான் வரணும். தினம் ஆட்டோ வெச்சா இவ வாங்குற சம்பளம் ஆட்டோக்காரருக்குத்தான்.”

வண்டியில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா அங்கிருந்தே குரல் கொடுத்தார். “அண்ணா, அந்தப் பத்து ரூபா கதையா? இந்தத் தெருவுல இன்னும் யாருக்குச் சொல்லல?”

ரஃபி பாய் சிரித்துவிட்டார். சகாயம் சிரிக்கவில்லை.

செயினைக் கழற்றினோம், கழுவினோம். தொண்ணூற்றெட்டு உருளை. காய்ந்த பிறகும் தொண்ணூற்றெட்டு. ரஃபி பாய் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து மாட்டினார். ஜெசிந்தா அந்தத் தெருவின் கோடிவரை போய்த் திரும்பினார். சத்தமே இல்லை. “பட்டு மாதிரி இருக்கு பாய்” என்றார். போய்விட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை அரை நாள்தான். காலைப் பூசை முடிந்து ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஜெசிந்தா பாலத்தில் ஏறியிருக்கிறார், அண்ணன் பின்னால் வர. பத்து மணிக்கு ஒரு குட்டியானை வந்து கடை வாசலில் நின்றது. அந்தச் சின்ன சரக்கு வண்டியின் பின்னால் மூன்று சக்கர வண்டி கயிற்றால் கட்டியிருந்தது. முன் சீட்டில் ஜெசிந்தா. சகாயம் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் கவிழ்த்தார். நாங்கள் கழுவிய செயின் சரசரவென்று கொட்டியது.

“பாலத்துக்கு நட்டநடுவுல சார். முழுசாக் கழண்டு ரோட்டுல கிடக்குது. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். இதுக்குத்தான் உங்ககிட்ட வந்தோமா?”

நான் எண்ண ஆரம்பித்தேன்.

“என்ன சார், நான் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருக்கீங்க?”

“ஒரு நிமிஷம்ங்க.” தொண்ணூற்றெட்டும் இருந்தது. அப்படியென்றால் செயின் அறுந்துபோகவில்லை. லாக் மட்டும்தான் போயிருக்கிறது. பதற்றத்தில் உங்களுக்கு எது கைகொடுக்குமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்கு எண்ணிக்கை. திட்டு வாங்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட அது மேல்.

இதற்குள் வண்டியை இறக்கி நிழலில் நிறுத்தினார்கள். ஜெசிந்தா அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ரஃபி பாய் வண்டிக்கு முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்து, செயின் போகும் வழியை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“மீனைத் தலைகீழாப் போட்டிருக்கேன் சார்.”

நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ‘மீன் தலை பெடலைப் பார்க்கணும்’ என்று நாம் எல்லோரும் கற்றுக்கொண்டிருக்கிறோம். சைக்கிளில், மேலே ஓடும் செயினில் அது சரி. அங்கே செயின் பெடலை நோக்கித்தான் போகிறது. ஜெசிந்தாவின் வண்டியிலோ முன்பக்கச் செயின் பெடலிலிருந்து கீழே இறங்குகிறது. ரஃபி பாயின் கை, யோசிக்காமல், ஆயிரக்கணக்கான சைக்கிள்களுக்குப் போட்டது போலவே மீன் தலையைப் பெடல் பக்கம் வைத்துவிட்டது. மீன் முந்தின நாள் வீடு வரைக்கும், அன்றைக்குப் பாலம் வரைக்கும் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு போயிருக்கிறது. செயின் கவரின் விளிம்பில் தட்டியதும் தெறித்துவிட்டது. செயினை அறியாத ஒருவர் மாட்டியிருந்தால் சரியாக மாட்டியிருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு இருந்திருக்கும். அறிந்தவருக்கு அதுவும் இல்லை.

ரஃபி பாய் எழுந்து நேராகச் சகாயத்திடம் போனார். “தப்பு என்னுதுதாங்க. வண்டில ஒரு குறையும் இல்ல, உங்க தங்கச்சி மேலயும் இல்ல.” புது லாக் எடுத்தார். மூன்று தடவை பார்த்து மாட்டினார். பிறகு சொன்னார், “இப்ப சரியா இருக்கு. இனிமே கழலாது.”

சகாயம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க சார். படிச்சவர். இனிமே கழலாதுல்ல?”

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். மூன்று பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘கழலாதுங்க’ என்று ஒரு வார்த்தை. சொன்னால் சகாயம் அடங்கிவிடுவார், ஜெசிந்தா நாளைக்கு வேலைக்குப் போவார். ரஃபி பாய் அண்ணனுக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே ‘சொல்லுங்க சார்’ என்கிறார். ஜெசிந்தாவும் அப்படித்தான் பார்த்தார்.

எண்ணிப் பழகியவனுக்கு ஒரு தொல்லை உண்டு. என் கையால் போன செயின்களில் என்றைக்குமே கழலாத செயின் எத்தனை என்று மனம் எண்ணிப் பார்த்தது. ஒன்றுகூட இல்லை. நான் ‘கழலாது’ என்று சொல்லி, அது என்றைக்கோ ஒரு நாள் பாலத்தில் கழன்றால், அன்றைக்குச் செயினோடு இந்தப் பெண்ணின் வேலையும் போய்விடும். நான் சொல்லப்போகும் பொய்யை அவர் தினமும் பாலத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

“கழலாதுன்னு சொல்ல மாட்டேங்க” என்றேன். “இன்னைக்கு நல்லா இருக்கு. ரொம்ப நாளைக்கு நல்லா இருக்கும். ஆனா என்னைக்காவது ஒரு நாள் கழலும். செயின்னா கழலும்.”

“அப்ப முடிஞ்சுது” என்றார் சகாயம். குட்டியானைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். “அண்ணே, வண்டியத் திருப்புங்க. மறுபடி ஏத்தணும்.”

ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. “ஏன் சார்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நாளைக்கு வேலைக்குப் போயிருப்பேன். உங்களுக்கு என்ன நஷ்டம்?”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துணி கிரீஸ் துணி. கண்ணாடி இன்னும் மோசமாகியது.

சரக்கு வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா அதையும் பார்த்தார், செயினையும் பார்த்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

“சரி. கழண்டா என்ன பண்ணணும்?”

“மாட்டணும்” என்றேன்.

“யார் மாட்டுவா?”

“பாய்தான்.”

“பாய்க்கு எத்தனை கை?”

ரஃபி பாய் புரியாமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “ரெண்டும்மா.”

“எனக்கும் ரெண்டு இருக்கு. கழட்டிக் குடுங்க.”

“ஏய், விளையாடுறியா?” என்றார் சகாயம்.

“நீ அந்த அண்ணனை அஞ்சு நிமிஷம் டீ குடிக்கச் சொல்லு.”

எனக்கு உடனே வரிசையாகக் கவலைகள் வந்தன. வண்டியைவிட்டு அவரால் இறங்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து பல்சக்கரத்தின் வெளிப்பக்கம் தெரியாது. கீழ்ச் சக்கரம் கைக்கு எட்டாது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜெசிந்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஹேண்டிலை வலது பக்கமாக முழுக்கத் திருப்பினார். பெடல், பல்சக்கரம், சக்கரம் எல்லாம் சேர்ந்து திரும்பி அவர் முகத்தைப் பார்த்து நின்றன. அந்த வண்டியில் முன்பக்கம் முழுவதும் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“இப்ப தெரியுது சார். அடுத்த கவலை?”

அடுத்தது கீழ்ச் சக்கரம். ரஃபி பாய் யோசித்துச் சொன்னார், “லாக்கை மேல கொண்டாந்து வெச்சுட்டா? உங்க கைக்கு நேரா. அங்க கழட்டினா ரெண்டு முனையும் உங்க கையில.” செயின் ஒரு வளையம்தானே, லாக்கை எங்கே வேண்டுமானாலும் சுற்றிக் கொண்டுவரலாம். லாக் ஜெசிந்தாவின் நெஞ்சுக்கு நேரே வந்தது. கழற்றினார். இரண்டு முனைகளையும் குதிரைக் கடிவாளம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, செயினைக் கீழே ஆட்டிவிட்டுச் சக்கரத்தின் பல்லில் விழவைக்கப் பார்த்தார். விழவில்லை. மறுபடி. விழவில்லை. அந்தக் கைகளுக்குப் பலம் போதாது என்று இல்லை. தினமும் அந்த வண்டியைச் சுற்றுகிற கை. பலம் அதிகமாகிச் செயின் தாண்டிப் போனது.

“மெதுவாம்மா, ஊஞ்சல் ஆட்டுற மாதிரி” என்றார் ரஃபி பாய்.

பல்லில் உட்கார்ந்தது. மேலே இழுத்தால் இரண்டு முனைகளும் சேரும், ஆனால் சேர்த்துப் பிடிக்க ஒரு கை, லாக்கை நுழைக்க ஒரு கை, கிளிப் போட ஒரு கை. செயின் நழுவி மறுபடி கீழே போனது. விரல் கீறி ரத்தம் வந்தது. சகாயம் ஒரு அடி முன்னால் வந்தார். ஜெசிந்தா நிமிர்ந்து பார்க்காமலே, “அங்கேயே நில்லு” என்றார்.

நான் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இரண்டு முனைகளையும் பல்சக்கரத்தின் அடுத்தடுத்த பற்களில் மாட்டிவிடுங்கள். பல் பிடித்துக்கொள்ளும், மூன்றாவது கை அதுதான். ஜெசிந்தா மாட்டினார். முனைகள் அசையாமல் நின்றன. லாக் நுழைந்தது. கிளிப்பை வைத்து அழுத்தினார், அது தெறித்துச் சாக்கடைப் பக்கம் போனது. நான் காந்த மூடியோடு பின்னாலேயே ஓடினேன். அடுத்த தடவை, மீன் தலை எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டார். பிளையரை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பிடித்தால் போதும் என்று நான் சொல்லவிருந்தேன்.

“இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பிடி” என்று ஒரு குரல் கேட்டது. சகாயம்தான். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

‘டிக்’ என்று ஒரு சத்தம். நம் தொழிலில் அதைவிட நல்ல சத்தம் கிடையாது.

சகாயம் உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். “நிழல்ல, ரெண்டு மெக்கானிக்கைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு யார் வேணும்னாலும் மாட்டலாம். பாலத்துல, வெயில்ல, பஸ் போகும்போது?”

“வா, பாலத்துக்கே போவோம்.”

கடையைப் பூட்டாமல் விட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. ரஃபி பாயை இருக்கச் சொன்னேன். அவர் இருக்க மாட்டேன் என்றார். பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனோம். குட்டியானைக்காரர் டீ கிளாஸோடு வந்தார். கடையிலிருந்து பாலம் கூப்பிடு தூரம்தான். காவிரியில் தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் மணல். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெசிந்தா குடையை விரித்துத் தோளுக்கும் சீட்டுக்கும் நடுவே செருகியிருந்தார்.

நடுவே, ஓரமாக, வண்டியை நிறுத்தினார்.

“கழட்டு” என்றார் சகாயம். “கழட்டிக் கீழ போடு. நேத்து மாதிரி ரோட்டுல கிடந்தா எப்படி எடுப்ப?”

நேற்று இல்லை, இன்று காலைதான். நான் திருத்தவில்லை. ஆனால் இது எனக்குத் தோன்றாத கவலை. எனக்கே தோன்றாத கவலை ஒன்று இருந்ததில் கொஞ்சம் ஆடிப்போனேன். ஜெசிந்தா செயினைக் கழற்றித் தாரில் போட்டார். குனிந்தார், எட்டவில்லை. சுற்றிலும் பார்த்தார். குடையை மடக்கினார். வளைந்த கைப்பிடியைக் கீழே விட்டுச் செயினைக் கொக்கி போட்டுத் தூக்கினார், மீன் பிடித்த மாதிரி.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பாலம் லேசாக அதிர்ந்தது. அவர் ஹேண்டிலைத் திருப்பி, கடிவாளத்தை ஆட்டி, கீழ்ப் பல்லில் விழவைத்துக்கொண்டிருந்தபோது சைக்கிளில் போன ஒரு நடுத்தர வயதுக்காரர் நின்றார். இறங்கினார். வண்டியையும் ஜெசிந்தாவையும் பார்த்தார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது.

சகாயத்தின் தாடை இறுகியதைப் பார்த்தேன். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது, அவர் என்னைவிட இரண்டு மடங்கு பலசாலி.

வந்தவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு தன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்.

“ஏங்க, என் வண்டி செயினும் ஒரு வாரமா கிரீச் கிரீச்சுன்னு கத்துது. இதை முடிச்சுட்டு அதையும் கொஞ்சம் பார்ப்பீங்களா?”

ஜெசிந்தா நிமிரவே இல்லை. “பார்க்கலாம். முதல்ல அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது.”

அவர் பணிவாகத் தள்ளி நின்றார்.

சகாயம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார். நான் அவரைப் பார்த்ததிலிருந்து முதல் தடவையாக. ரஃபி பாய் அந்த மனிதரின் செயினுக்கு அங்கேயே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அனுப்பினார். அதற்குள் ‘டிக்’ சத்தம் கேட்டுவிட்டது.

கடைக்குத் திரும்பியதும் சகாயம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “ரெண்டு லாக் தனியாக் குடுங்க.” ஒரு பழைய பிளையரை நாங்கள் கொடுத்தோம். ஜெசிந்தா லாக்குகளை ஒரு ஊக்கில் கோத்துத் துப்பட்டாவின் உட்புறம் குத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை நான் கடை வாசலிலேயே நின்றேன். பாலம் பக்கமிருந்து வரும் மூன்று சக்கர வண்டிகளையெல்லாம் எண்ணினேன். நான்காவதாக வந்தவர் ஜெசிந்தா. மணியை அடித்துவிட்டுப் போனார். வெகு தூரம் பின்னால், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, ஸ்கூட்டரை உருட்டாத குறையாக ஒருவர் வந்துகொண்டிருந்தார். அந்த வாரம் முழுவதும் வந்தார். அடுத்த வாரம் அவருக்குக் காலை ஷிஃப்ட். ஜெசிந்தாவுக்குப் பின்னால் யாரும் இல்லை. மணிச் சத்தம் மட்டும் அதே போலக் கேட்டது.

தம்பிகளே, ‘இனிமே கழலாது’ என்பது வண்டிக்காரரைச் சமாதானப்படுத்தும் சொல். அதைச் சொன்ன உடனே அவர் போய்விடுவார், நமக்கும் வேலை முடிந்துவிடும். அதனால்தான் அது வாயில் தானாக வருகிறது. அதைச் சொல்லாமல் இருப்பதோடு நம் வேலை முடியவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். நான் உண்மையைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ‘கழண்டா என்ன பண்ணணும்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டவர் ஜெசிந்தா. இனி உங்களிடம் வருகிறவர்களை அந்தக் கேள்வியைக் கேட்க விடாதீர்கள், நீங்களே முந்திக்கொள்ளுங்கள். லாக்கைக் காட்டுங்கள். ஒரு தடவை அவர் கையாலேயே கழற்றி மாட்டச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், நேரமில்லை என்பார்கள், கையில் அழுக்காகும் என்பார்கள். துணி கொடுங்கள். கொடுத்த துணியைத் திரும்ப வாங்குங்கள்.

நான் ஓய்வு பெறும் மாதத்தில் ஒரு மாலை ஜெசிந்தா கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்.

“சார், ஒரு லாக் குடுங்க.”

“ரெண்டு வெச்சிருந்தீங்களேம்மா?”

“ஒண்ணு இருக்கு. ஒண்ணு போட்டாச்சு.”

“போட்டாச்சா? எப்போ? எங்க?”

“பாலத்துலதான். அது ஆச்சு சார், ஒரு மாசம் இருக்கும்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “இல்ல, அதுக்கும் மேல.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“சொன்ன ஞாபகம் இல்ல.”

“என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். லாக்கை வாங்கி ஊக்கில் கோத்துக்கொண்டார்.

“செயின் கழண்டுச்சு, மாட்டினேன். இதுல சொல்றதுக்கு என்ன சார் இருக்கு?”

மணியை அடித்துவிட்டுப் பாலத்தின் பக்கம் திரும்பினார்.